வணக்கமும் வாழ்த்தும்: உள்ளுறைச் சமயம் குறித்து ஒரு நோக்கு

சமயம் எனப் பெயர் பெறாத பொதுவாழ்வுச் செயல்களிலும் சமயத்திற்குரிய ஈடுபாடும் ஒழுக்கமும் உறைந்திருத்தலை எட்வர்டு பெய்லி ஆராய்ந்தார். அதனை ‘உள்ளுறைச் சமயம்’ எனத் தமிழில் வழங்கலாம். எனினும் அச்சொல் ஒரு சிக்கலையும் உடன்கொணர்கிறது. கருப்பொருள்களுள் தெய்வம் ஒழிந்தவையே உள்ளுறைக்கு நிலைக்களன் என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் கருத்து. தெய்வத்தை விலக்கிய இடத்தில் சமயம் உறையுமா என்னும் வினாவிற்குத் தமிழ்த்தாய் வாழ்த்தின் வரலாறு விடை தருகிறது.

1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் சுந்தரம் பிள்ளை இப்பாடலுக்கு இட்ட தலைப்பு ‘தமிழ்த் தெய்வ வணக்கம்’ என்பதாகும். 1970இல் தமிழக அரசு இதனை ஏற்றபோது சில அடிகள் விடப்பட்டன. ஆரியம் வழக்கிழந்தது எனும் பகுதி நீங்கியமையே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் படைத்தும் காத்தும் அழித்தும் தான் மாறாதிருக்கும் பரம்பொருளைத் தமிழுக்கு உவமையாக்கிய அடிகளும் உடன் நீங்கின. பொருள் நோக்கில் இதுவே பெரிய மாற்றம். தெய்வம் தாயாயிற்று, வணக்கம் வாழ்த்தாயிற்று. வழிபாட்டின் உடல்மொழியாகிய எழுந்து நிற்றல் மட்டும் நீங்கவில்லை.

2021 திசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இது வழிபாட்டுப் பாடலே, நாட்டுப்பண் அன்று. எழுந்து நிற்க வேண்டும் எனச் சட்டம் இல்லை என்றது. அம்மாதமே அரசு இதனை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 விநாடியில் பாடவும், மாற்றுத்திறனாளிகள் நீங்கலாக அனைவரும் எழுந்து நிற்கவும் ஆணையிட்டது. பாடலில் வழிபாட்டைக் கண்ட மன்றம் நிற்றலைக் கட்டாயமாக்கவில்லை. வழிபாடு எனக் கூறாத அரசே கட்டாயமாக்கியது. உள்ளுறைச் சமயத்திற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

ஓசூரைக் கடந்து அத்திபெலேயை அடைந்தால் பாடல் மாறுகிறது. 2004இல் கர்நாடகம் நாடகீதையாக ஏற்ற குவெம்புவின் பாடல் சங்கரர், இராமானுசர், பசவேசுவரர் பெயர்களை வெளிப்படையாகவே கூறுகிறது. அங்குச் சமயம் உள்ளுறையன்று, வெளிப்படை. அதற்கும் 2022இல் 2 நிமிடம் 30 விநாடி எனக் கால அளவு வகுக்கப்பட்டது. இரண்டுமே தம் மொழியன்னையைப் பாரதத்தின் உறுப்பாகவே காண்கின்றன. காவிரிச் சிக்கல் மூளும்போது கன்னட அமைப்புகள் இவ்வெல்லையில் மறியல் செய்கின்றன. அந்நாள்களில் இங்குக் குடியிருந்து ஓசூருக்கு வேலைக்குச் செல்லும் தமிழர் எந்த அன்னைக்கு உரியவர் என்னும் வினா எழுகிறது. அதனை எழுப்பியவை பாடல்கள் அல்ல.