ஒளி படாத ஊட்டம்

ஆறரை மாதத்தில் பிறந்துவிடும் குழந்தையின் குடல், தேவையான அளவு பாலை ஏற்கும் பக்குவத்தை இன்னும் அடைந்திருக்காது. ஒரு கிலோவுக்கும் குறைந்த அந்த உடம்பில் கொழுப்புச் சேமிப்பும் சொற்பம். ஊட்டம் ஏதும் கிடைக்காவிட்டால் சில நாள்களுக்கு மேல் தாங்காது. அமினோ அமிலம், சர்க்கரை, உப்புகள், வைட்டமின் எல்லாவற்றையும் இரத்தக் குழாய் வழியாகவே ஏற்றி ஓர் உயிரை வளர்க்க முடியும் என்று 1960-களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டான்லி டட்ரிக் காட்டினார். முதலில் நாய்க்குட்டிகள், பிறகு சிறுகுடல் ஏறத்தாழ முழுவதும் பயனற்றுப் பிறந்த ஒரு குழந்தை. அதே பத்தாண்டில் ஸ்வீடனின் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெய்க் குழம்பைப் பாதுகாப்பாக ஏற்ற வழி செய்தார். இன்று மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பிறந்த அன்றே இந்த ஊட்டம் தொடங்குகிறது. இதனால் பிழைத்தவர்கள் ஏராளம்; அதில் வாதமே இல்லை. ஊட்டத் திரவம் தொங்கும் பைக்குள் நடக்கும் வேதியியல்தான் சிக்கல்.

மாண்ட்ரியலில் பிலிப் செசெக்ஸ், ழான் குளோட் லவோய் ஆகியோரின் குழு பல ஆண்டுகள் இதைத் துருவியது. ஊட்டத்தில் கலக்கும் வைட்டமின் பி2, ஒளியை, குறிப்பாக நீல ஒளியை, உள்வாங்கும். அந்த ஆற்றலால், கரைந்திருக்கும் ஆக்சிஜனுக்கு வைட்டமின் சி எலக்ட்ரான்களைக் கொடுக்க, ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. கொழுப்புக் குழம்பிலும் பெராக்சைடுகள் சேர்கின்றன. மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழ் கிடத்தப்பட்ட குழந்தையை நினைத்துப் பாருங்கள்: குழந்தைக்கு வைத்தியமாகும் அதே ஒளி, பக்கத்தில் தொங்கும் குழாயில் நச்சை வளர்க்கிறது. இந்த முரண் எனக்கு இன்னும் பழகவில்லை.

பெரியவர்களின் உடம்பு இந்தப் பெராக்சைடைக் குளூட்டாதயோன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான் கொண்டு சமாளித்துவிடும். குறைப்பிரசவக் குழந்தையிடம் அந்தச் சரக்கு குறைவு. அதைச் செய்யத் தேவையான சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் கல்லீரல் நொதியும் முதிர்ந்திருக்காது. சிஸ்டீனோ திரவத்தில் நிலைத்து நிற்காத பொருள். மூச்சுக்கருவியின் ஆக்சிஜன் ஏற்கெனவே நுரையீரலையும் விழித்திரையையும் தாக்கிக்கொண்டிருக்க, உணவும் தன் பங்குக்குச் சேர்கிறது.

ஆகவே பையையும் குழாயையும் ஒளியிலிருந்து மறை என்பது தர்க்கப்படி சரியான முடிவு. ஆனால் தர்க்கம் ஒன்று, குழந்தை பிழைப்பது வேறொன்று. 2015-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் சுமார் 590 குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு மறைத்த ஊட்டமும் மற்றதற்கு மறைக்காத ஊட்டமும் தரப்பட்டன. நாள்பட்ட நுரையீரல் நோயையும் இறப்பையும் சேர்த்துப் பார்த்தபோது, மறைப்புக்குச் சாதகமான வித்தியாசம் தெரியவில்லை. இரண்டே ஆண்டுகளில், நான்கு ஆய்வுகளின் சுமார் 800 குழந்தைகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு, மறைத்த பிரிவில் இறப்பு ஏறத்தாழ பாதி என்றது. அந்த 800-ல் பெரும்பகுதி முதல் ஆய்வின் குழந்தைகளே. ஆய்வாளர்களில் சிலரும் பொதுவானவர்கள். நுரையீரலில் தென்படாத பயன் உயிரில் தென்படுவது எப்படி? தற்செயலாகவும் இருக்கலாம், நமக்குப் புரியாத வழியாகவும் இருக்கலாம். 'பாதி இறப்பு' என்ற சொற்றொடரைப் போஸ்டரில் அச்சிட்டு ஒட்ட நான் தயங்குவேன்.

ஆனாலும் 2018-ல் ஐரோப்பிய குழந்தை இரைப்பைக்குடல் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியும், 2019-ல் ஐரோப்பிய மருந்து முகமையும் மறைக்கச் சொன்னது தவறென்று சொல்ல மாட்டேன். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொருந்தும் முகமையின் பரிந்துரை, ஐயம் இருந்தால் குழந்தையின் பக்கம் சாயும் முடிவு. ஒளியை மறைக்கும் உறைக்கும் நிறக் குழாய்க்கும் ஆகும் செலவு, தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒரு நாள் செலவின் முன் மிகச் சிறியது.

கோளாறு நடைமுறையில் வருகிறது. பையை அலுமினியத் தாளில் சுற்றிவிட்டு, சிரிஞ்சையும் நீண்ட மெல்லிய குழாயையும் திறந்துபோடுவது வெறும் சடங்கு. திரவம் அந்தக் குழாயில் நிதானமாகத்தான் ஊர்கிறது. ஒளிக்கு அங்கே நேரம் தாராளம். மருந்தகத்தில் கலக்கும் மேசை முதல் குழந்தையின் தோல்வரை மறைத்தால்தான் பெராக்சைடு குறிப்பிடத்தக்க அளவு குறையும் என்பதை அமெரிக்க ஊட்டச் சங்கமும் 2021-ல் வலியுறுத்தியது. அப்போதும் இருட்டில் மெதுவாக நடக்கும் ஆக்சிஜனேற்றம் மிச்சமிருக்கும்.

மறைப்புக்கு ஒரு விலையும் உண்டு. வழிகாட்டிகள் இதை இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிகமாக வீழ்ந்தால் அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் முதல் ஆள் செவிலியர். 1994-ல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட படிவால் நோயாளிகள் இறந்ததாக உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. தாளுக்குள் ஒளிந்த பையில் அந்தக் கண்ணுக்கு வேலையில்லை. ஒளியைத் தடுத்தும் உள்ளே காட்டும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறக் குழாயும், வடிகட்டியும் சேர்ந்து வந்தால்தான் இந்த ஏற்பாடு முழுமை.

இன்னொன்று, கவனம் உறையிலேயே நின்றுவிடுகிறது. புதிதாய்ப் பிறந்த கினிப்பன்றிகளுக்கு ஊட்டத்துடன் குளூட்டாதயோனையே சேர்த்தபோது நுரையீரலின் காற்றறைகள் காக்கப்பட்டதை மாண்ட்ரியல் குழு காட்டியிருக்கிறது. மருந்து நிறுவனங்கள் அக்கறை காட்ட வேண்டிய இடம் இது. நிறக் குழாய் விற்பது அதைவிடச் சுலபம். அதுவரை வார்டில் கைக்கெட்டியது தாய்ப்பால். முதல் நாள் முதலே மில்லிலிட்டர் கணக்கில் வாய்வழி அல்லது மூக்குக் குழாய் வழி தொடங்கி மெல்ல ஏற்றினால் சிரைவழி ஊட்டத்தின் நாள்கள் குறையும்; பெராக்சைடு மட்டுமல்ல, குழாய்வழித் தொற்றும் கல்லீரல் பித்தத் தேக்கமும் கூடவே குறையும்.