சுவருக்குள் சேர்க்கப்படுவோர்

எல்லைச் சுவர் ஆட்களை முற்றிலும் தடுப்பதில்லை, வடிகட்டியே உள்ளே விடுகிறது என்பது இடப்பெயர்வு ஆய்வுகளில் இன்று வலுப்பெற்றுள்ள கருத்து. சாண்ட்ரோ மெசாட்ராவும் பிரெட் நீல்சனும் 2013இல் வெளியிட்ட நூலில் இதனை ‘வேறுபடுத்திச் சேர்த்தல்’ என்ற கருத்தால், அதாவது உழைப்பை ஏற்று, உழைப்பவரின் உரிமையைக் குறைத்து வைக்கும் முறையாக, விளக்கினர். இந்திய மாநிலங்களுக்கிடையே அத்தகைய சுவர் இல்லை; நாட்டின் எப்பகுதியிலும் நடமாடவும் வசிக்கவும் அரசமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு உரிமை தருகிறது. ஆயினும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத் வட்டாரத் தொழிற்பகுதியில் அந்தச் சுவரின் வேலையைத் தொழிலாளர் விடுதி ஓரளவு செய்துவருகிறது.

விடுதியை வெறும் அடக்குமுறையாகக் காண்பது பிழையாகும். அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிக்க இயலாத வெளியூர் இளம்பெண்ணுக்குத் தங்குமிடமும், இரவு ஷிப்டு முடிந்தபின் வாசல்வரை வரும் கம்பெனி பஸ்ஸும், அனுப்பத் தயங்கும் பெற்றோரின் சம்மதமும் அதனாலேயே வாய்க்கின்றன. அதே வட்டாரத்தின் வல்லம் வடகாலில் தமிழ்நாடு அரசு நிறுவனமான சிப்காட் சுமார் 706 கோடி ரூபாயில் கட்டிய, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, 18,720 பேர் தங்கக்கூடிய வளாகம், தனியார் ஏற்பாட்டிலான நெரிசல் அறைகளோடு ஒப்பிடுகையில் முன்னேற்றமே.

குறை கட்டடத்தில் இல்லை, வாயிலில் இருக்கிறது. வேலையும் படுக்கையும் ஒரே கையில் இருக்கும்போது, வேலையை இழப்பவர் தங்குமிடத்தையும் சேர்த்தே இழக்கிறார். வெளியே செல்லும் நேரத்தையும் பார்க்க வருவோரையும் வார்டன் தீர்மானிக்கையில் சம்பளம் வாங்கும் வயதுவந்த பெண் மீண்டும் பள்ளி மாணவியாகிறாள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர்கள் நிலை தெரியாத தோழியரிடையே சாவு வதந்தி பரவியது. கொதித்தெழுந்த தொழிலாளர்களால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது. பிரித்து ஆள்வதற்கு ஏற்ற சுவரே ஆயிரக்கணக்கானோரை ஒரே இடத்தில் திரட்டியும் வைத்திருந்தது என்பதை நிர்வாகங்கள் கணக்கில் கொள்ளவில்லை.

சட்டமும் இதில் பாதி வழியே வந்தது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், தகுந்த தங்குமிடம் தருவதை ஒப்பந்தக்காரரின் கடமையாக்கியது. ஆனால் திருவண்ணாமலையிலிருந்து வரும் பெண் மாநில எல்லையைத் தாண்டாததால் அதன் வரம்புக்குள் வரவே இல்லை, விடுதி வாயிலோ அவளையும் ஒடிசாப் பெண்ணையும் ஒன்றாகவே நடத்துகிறது.

கட்டும் பொறுப்பை ஏற்ற அரசு, வாயிலின் பொறுப்பையும் ஏற்பதே முறை. விடுதி நேரத்தைத் தங்குவோர் தேர்ந்தெடுக்கும் குழு முடிவுசெய்யவும், வேலை போனபின்னும் ஒரு மாதமாவது தங்கவும் வாடகை ஒப்பந்தத்திலேயே வழிசெய்யப்பட வேண்டும்.