பாபியின் அம்மா சொன்ன படிப்பினை

திறனாய்வுக் கேள்வி என்றாலே நம் மாணவர்கள் படிப்பினையை அப்படியே ஏற்றுக்கொண்டு எழுதிவிடுவார்கள். படிப்பினையே கோணலாக இருந்தால் என்ன செய்வது? இதற்காக நான் வகுப்பில் காட்டுவது ஒரு கேலிச்சித்திரம். ரேண்டல் மன்றோ 2007இல் தம் எக்ஸ்கேசிடி இணையத்தளத்தில் வெளியிட்டது. நான்கே கட்டம்.

பள்ளியிலிருந்து ஓர் அம்மாவுக்குத் தொலைபேசி அழைப்பு. கணினியில் கோளாறாம். உங்கள் மகனுக்கு நிஜமாகவே இந்தப் பெயரா வைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். ராபர்ட் என்பதற்குப் பின்னால் ஒரு மேற்கோள் குறி, மாணவர் அட்டவணையை அழி என்னும் கட்டளை, கடைசியில் இரண்டு சிறு கோடுகள். ஆமாம், வீட்டில் பாபி என்போம் என்கிறார் அம்மா, அலட்டிக்கொள்ளாமல். அந்த ஆண்டின் மாணவர் பதிவுகள் எல்லாம் போச்சு. உள்ளிடுவதைச் சுத்தம் செய்யக் கற்றிருப்பீர்கள் என நம்புகிறேன் என்று முடிக்கிறார்.

பாத்திரப் படைப்பில் குறை சொல்ல முடியாது. உத்தியும் கச்சிதம். மேற்கோள் குறியைக் கண்டதும் பெயர் முடிந்தது என்று தரவுத்தளம் நினைத்து, மிச்சத்தைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டு கோடு? எஸ்.கியூ.எல். மொழியில் அதற்குப் பின் அந்த வரியில் வருவது வெறும் குறிப்பு. தரவுத்தளம் அதைப் படிக்காது.

ஆனால் படிப்பினை? சுத்தம் செய் என்றால் பலரும் சந்தேகப்பட்ட குறிகளை நீக்கிவிடுகிறார்கள். அயர்லாந்துக்காரர் ஓ'பிரையனுக்கு மேற்கோள் குறி போகும். நம் பிள்ளைகளுக்கு ஏ/எல், ஏ/பி-யில் உள்ள சாய்கோடு போகும். எனக்கு வந்த ஒரு பெயர்ப் பட்டியலில் அந்த ஏஎல் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்தது. பெயரில் என்ன அழுக்கு இருக்கிறது, சுத்தம் செய்ய? கட்டளையையும் பெயரையும் கலக்காமல் இருப்பதே சரியான வழி. கட்டளையில் இடத்தை மட்டும் காலியாக விட்டு, பெயரைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதைத் தரவுத்தளத்திடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது டிரைவர் என்ற இடைநிலை மென்பொருள்.

சரி, அதையும் ஒழுங்காகச் செய்தவர்கள் தப்பித்தார்களா? 2024 பிப்ரவரியில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கான ஜாவா டிரைவரில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. பதிவு எண் சி.வி.இ. 2024-1597. வழக்கமான அமைப்பில் ஆபத்தில்லை. ‘சிம்பிள்’ முறைக்கு மாற்றியிருந்தால், மதிப்புகளை டிரைவரே கட்டளைக்குள் எழுதிவிடும். காலியிடத்துக்கு முன் ஒரு கழித்தல் குறி இருந்து, அங்கே வரும் எண்ணும் எதிர்மறை எண்ணாக இருந்தால், இரண்டு கோடுகள் ஒட்டிக்கொள்ளும். நன்னூல் நடத்தும்போது பொதுமொழிக்குத் தாமரை என்று எடுத்துக்காட்டு சொல்வோமே, அது மாதிரிதான். தா, மரை என்று தனித்தனியாக எழுதியதைச் சேர்த்துப் படித்தால் பூவாகிவிடுகிறது. இங்கேயும் இரண்டு கழித்தல் சேர்ந்து குறிப்பாகிவிட்டது. அதே வரியில் அடுத்து வரும் சொல் மதிப்பின் தொடக்க மேற்கோள் குறியை அந்தக் குறிப்பு விழுங்கிவிடும். அந்த மதிப்புக்குள் ஒருவன் புது வரியைத் தொடங்கி எழுதினால், அவன் எழுதியது கட்டளை! பாபியின் பெயரில் இருந்த அதே இரண்டு கோடு, 17 வருஷம் கழித்து.

42.7.2 பதிப்பிலும், பழைய வரிசைகளுக்கு வந்த திருத்தப் பதிப்புகளிலும் இதை அடைத்தார்கள். மதிப்பை அடைப்புக்குறிக்குள் வைத்ததுதான் வைத்தியம். நிறுத்தக்குறிக்கு மதிப்பெண் வெட்டும்போது முகம் சுளிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

பாபியின் அம்மா பள்ளியை மட்டும் குற்றம் சொல்கிறார். வேறொருவர் எழுதிய டிரைவர் நடுவில் இருப்பதையும், அதைப் புதுப்பிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதையும் நான்கு கட்டத்தில் சொல்ல இடமில்லைதான். நான் மாணவர்களை ஐந்தாவது கட்டம் வரையச் சொன்னேன். படிவம் நான்கு மாணவி ஒருத்தி பள்ளியின் பதிலை எழுதியிருந்தாள்: “நாங்க எல்லாத்தையும் சரியாத்தான் எழுதினோம்மா. டிரைவரை மாத்தத்தான் யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல.”