அடித்தது எதுவும் வீண்போவதில்லை

நீளமான கட்டளை ஒன்றைப் பாதி அடித்தாயிற்று. அப்போதுதான் எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்ற சந்தேகம் வருகிறது. கன்ட்ரோல்-யூ அழுத்தினால் வரி மறைகிறது. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு கன்ட்ரோல்-ஒய் அழுத்தினால், அதே பாதி வரி ஓர் எழுத்தும் குறையாமல் வந்து நிற்கிறது. டெர்மினலின் அழகு எனக்கு இங்கேதான் பிடிபட்டது. அங்கே அழிப்பது என்பது எடுத்து வைப்பதுதான்.

1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளிவந்த பேஷ் ஷெல்லில், நாம் அடிக்கும் வரியைக் கவனித்துக்கொள்வது ரீட்லைன் என்னும் லைப்ரரி. செட் ரமே பல்லாண்டுகளாக இரண்டையும் பராமரித்து வருகிறார். ரீட்லைனின் சாவிகள் ஈமேக்ஸ் எடிட்டரின் வழி வந்தவை. வரியின் தொடக்கத்துக்கு கன்ட்ரோல்-ஏ, முடிவுக்கு கன்ட்ரோல்-ஈ. இவை எல்லோருக்கும் தெரியும். நுட்பம் அடுத்த அடுக்கில் இருக்கிறது. கன்ட்ரோல்-டபிள்யூவை அடுத்தடுத்து மூன்று முறை அழுத்தினால் கடைசி மூன்று சொற்கள் போகும். கன்ட்ரோல்-ஒய் கொடுத்தால் மூன்றும் ஒன்றாக, பழைய வரிசையிலேயே திரும்பும். வெட்டியவர் மனதில் அது ஒரே வெட்டு என்பதை யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள்!

பழைய கட்டளையைத் தேட மேல் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. கன்ட்ரோல்-ஆர் அழுத்தி, நினைவில் உள்ள துண்டு எதையாவது அடித்தால் போதும். அது வரும் கடைசிக் கட்டளை முன்னே நிற்கும். மறுபடி அழுத்தினால் அதற்கும் முந்தையது. அங்கே என்டருக்குப் பதில் கன்ட்ரோல்-ஓ அழுத்திப் பாருங்கள். கட்டளை ஓடும்; அன்று அதையடுத்து அடித்த வரி தானாக வந்து காத்திருக்கும். நேற்றைய நான்கு படி வேலை இன்று நான்கு அழுத்தலில் முடியும்.

ஆல்ட்-புள்ளி இன்னும் சிறியது. முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லை அப்படியே கொண்டுவரும். நீண்ட பாதையில் ஒரு ஃபோல்டர் உருவாக்கிய கையோடு சிடி, இடைவெளி, ஆல்ட்-புள்ளி, உள்ளே போய்விடலாம்.

நிரல் பிழை தேடும் ஜிடிபியும், டேட்டாபேஸுடன் பேசும் பிஎஸ்க்யூஎல்லும் ரீட்லைனைப் பயன்படுத்துவதால் கை பழகிய பழக்கம் அங்கும் செல்லும். புதிதாகத் தொடங்குபவர் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். இந்த வாரம் கன்ட்ரோல்-ஆர் மட்டும் பழகுங்கள். ஒருமுறை யோசித்து அடித்ததை மறுபடி அடிக்க வேண்டாம் என்ற சுகம் தெரிந்துவிட்டால், மற்ற சாவிகளை நீங்களே தேடிப் போவீர்கள்.