'பெரிய கேடில்லை' – யாருக்கு?

ஊருக்கொரு நூலகம் வேண்டும் என்று கேட்போம். ஊர்கள் பல கூடி ஒரே நூலைப் படிப்பதென்றால்? வியப்பாகத்தான் இருக்கும். ஆயினும் கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில், கிச்சனர், வாட்டர்லூ, கேம்பிரிட்ஜ் என அடுத்தடுத்து அமைந்த நகரங்களும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் 2002ஆம் ஆண்டில் அதைத்தான் செய்யத் தொடங்கின. 1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர நூலகத்தில் ஊன்றப்பட்ட வித்து, எல்லை தாண்டி முளைத்தது.

முதல் ஆண்டில் அவ்வூரார் கைக்கொண்ட நூல், அலிஸ்டேர் மக்லியோட் 1999இல் வெளியிட்ட 'நோ கிரேட் மிஸ்சீஃப்' எனும் நாவல். 'பெரிய கேடொன்றுமில்லை' என்று தமிழில் சொல்லலாம். யாருக்குக் கேடில்லை? ஸ்காட்லாந்து மலைநாட்டாரைப் படையில் சேர்க்கலாம், கடுநிலத்தில் பழகியவர்கள், மாண்டாலும் பெரிய கேடில்லை என்னும் பொருள்பட 1751இல் மடல் தீட்டியவன் உல்ஃப் எனும் படைத்தலைவன். 1746இல் கலோடன் களத்தில் அவர்களை எதிர்த்து நின்றவன். 1759இல் கியூபெக்கில் அவர்களையே தன் படையில் வைத்து வென்றவன்! உயிர் அவர்களுடையது, புகழ் அவனுடையது.

படித்த ஊரையும் பாருங்கள். கிச்சனரின் பழைய பெயர் பெர்லின். ஜெர்மானியர் குடியேறி வளர்த்த ஊர். முதல் உலகப் போர் மூட்டிய வெறியில், வாக்கெடுப்பு நடத்தி, 1916இல் ஆங்கிலப் படைத்தலைவன் ஒருவனின் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஒரு படைத்தலைவன் பெயர் தாங்கிய ஊர், மற்றொரு படைத்தலைவனின் இகழுரையைத் தலைப்பாகக் கொண்ட நூலைப் படித்தது. தேர்ந்தவர்கள் இதனை எண்ணினரோ இல்லையோ, பொருத்தம் அருமை!

கதை, 1779இல் ஸ்காட்லாந்தை விட்டுக் கேப் பிரெட்டன் தீவுக்குக் கப்பலேறிய மெக்டொனால்டு குலத்தாருடையது. கதை சொல்பவன் பல் மருத்துவன், பொருள் படைத்தவன். குடித்துக் குலைந்த அண்ணன் கேலமைக் காண டொராண்டோவுக்குக் காரோட்டிச் செல்கிறான். பெற்றோர் பனிக்கட்டி உடைந்து கடலில் மூழ்கியபின், பாட்டனும் பாட்டியும் வளர்த்த பிள்ளை அவன். உறவைக் கைவிடாதே என்பதே அவ்வீட்டின் பாடம். அப்பாசத்தை மக்லியோட் தீட்டும் பக்கங்களில் கண் கலங்காதார் கல்நெஞ்சர், நானும் கலங்கினேன்.

கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும். யுரேனியச் சுரங்கத்திலே மெக்டொனால்டு கூட்டமும் பிரெஞ்சுக் கனடியர் கூட்டமும் பகைத்து நிற்கின்றன. இரு கூட்டமும் உழைப்பாளர். இரண்டையும் ஒரே முதலாளி வேலை வாங்குகிறான். கைகலப்பில் பிரெஞ்சுத் தலைவன் பிக்கார்டைக் கேலம் கொன்று சிறை புகுகிறான். பின்னர்த் தெரிகிறது, குலத்தார் அணைத்துக் காத்த அமெரிக்க உறவினன் பிக்கார்டின் பணப்பையைத் திருடியவன் என்று. நம் குருதி என்பதற்காகவே நம்பினார்கள், பலியானவன் அயலான். குலப்பெருமையின் கொடுமை இதனினும் கூர்மையாகச் சொல்லப்படுமோ?

இந்நூலைக் குலப்புகழ் மாலை என்று கொண்டாடுவோர் பாதி நூலைத்தான் படித்தவர்கள். ஊர்கூடிப் படிப்பதில் உள்ள இடர்ப்பாடும் இதுவே. எவர் மனமும் நோகாத பாதியை எடுத்துக்கொண்டு, இனிக்கப் பேசிக் கலைந்துவிடலாம். நியூயார்க்கில் 2002இல் எந்த நூலைப் படிப்பது என்பதிலேயே பூசல் எழுந்து முயற்சி குலைந்தது. குலைந்ததற்கு வருந்தலாம், பூசல் எழுந்ததற்கு வருந்த மாட்டேன். இனிய இசைவைவிட அது நேர்மையானது.

ஆசிரியரிடமும் எனக்கொரு வழக்குண்டு. மருத்துவன் செல்லும் வழியெல்லாம் ஒண்டாரியோவின் பழத்தோட்டங்கள். ஜமைக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்தோர் குனிந்து பழம் பறிக்கின்றனர். இன்றைய நாளில் 'மாண்டாலும் கேடில்லை' என்று எண்ணப்படுவோர் எவர் என்பதை மக்லியோட் உணர்ந்தே அவர்களை அங்கே நிறுத்தியிருக்கிறார். ஆனால் நாம் அவர்களைக் காண்பது காரின் சன்னல் வழியே மட்டும். மெக்டொனால்டு குலத்துக்கு இருநூறாண்டு வரலாறு. பழம் பறிப்போருக்கு ஒரு வளைவு தாண்டும் நேரம்.

நாவல் விட்ட இடத்திலிருந்து ஊரார் தொடங்கியிருக்கலாம். நூலகத்து வட்டத்தில் கிச்சனர்க்காரரும் கேம்பிரிட்ஜ்க்காரரும் அருகருகே அமர்கையில், அறுவடைக் காலத்துக்கு மட்டும் ஒண்டாரியோவுக்கு வந்து போகும் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு, இந்தத் தலைப்பைப் படித்துக் காட்டி, உமக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டிருக்கலாம்.