வெடுக்கும் சரேலும்

வெட்டி வெட்டி இழுக்கிற ஓர் அசைவைச் சொல்லத் தமிழில் தனிப் பெயரடை கிடையாது. ‘வெடுக்கான நடை’ என்று எவரும் பேசுவதில்லை. யாராவது எழுதினால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். இந்த வேலை முழுவதையும் ‘என்று’ ஒட்டி வரும் குறிப்புச் சொற்களும், இரட்டித்து வரும் வினையெச்சங்களும்தான் பார்த்துக்கொள்கின்றன. அகராதிக்காரர்கள் இவற்றை ஒதுக்கவில்லை. ஆனால் ஆற அமரவும் விசாரிக்கவில்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், ‘எனல்’ ஈறு கொடுத்து இத்தகைய சொற்களை ஏராளமாகப் பதிந்திருக்கிறது. பொருள் என்று பார்க்கப் போனால் ‘விரைவுக்குறிப்பு’, ‘ஒலிக்குறிப்பு’ என்ற விளக்கங்களே பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாம் ஒன்றுதான் போலும் என்று வாசகர் நினைத்தால் அவர் மேல் தப்பில்லை.

ஒன்றல்ல என்பதற்கு முதல் சாட்சி ஈற்றெழுத்து. படக், சடக், சுருக், வெடுக், விசுக் ஆகியவை வல்லினத்தில் முடிகின்றன. படார், சடார், சுரீர், தடால், சரேல் ஆகியவற்றில் ஒரு நெடிலும் அதன் பின்னே ரகர லகரமும் இருக்கின்றன. முதல் வகையில் அசைவு அந்த இடத்திலேயே அறுந்துவிடுகிறது. இரண்டாம் வகையில் அது பரவி அடங்குகிறது. டப்பா மூடி படக்கென்று மூடிக்கொள்ளும். கோபத்தில் சாத்திய கதவு படாரென்று மூடும், சுவரும் சேர்ந்து அதிரும். ஊசி சுருக்கென்று குத்தும், வெயில் சுரீரென்று உறைக்கும். குலுங்கி வெட்டும் அசைவுக்குத் தமிழ் பெரும்பாலும் முதல் வகையையே எடுத்துக்கொள்கிறது.

இரண்டும் கலந்த சொல் ஒன்று உண்டு. பிரேக் போட்ட பஸ் கிறீச்சென்று நிற்கிறது. நெடில் சக்கரம் தேய்ந்த இழுவையைச் சொல்கிறது; ஈற்றிலுள்ள வல்லினம் வண்டி நின்றதைச் சொல்கிறது. இன்னொரு விதத்திலும் இது விசேஷமான சொல். இகர எகரத்துக்கு முன் வந்த பழைய ககரம் தமிழில் பொதுவாகச் சகரமாகிவிட்டது. கன்னடத்தில் ‘கிவி’ என்பது நமக்குச் ‘செவி’. கிறீச்சும் கிறுகிறுவும் அந்த மாற்றத்துக்கு மசியவில்லை. ஒலிக்குறிப்புகள் ஒலிமாற்றத்தை எதிர்த்து நிற்பதைப் பற்றி மொழியியலாளர் இ. அண்ணாமலை 1968-இல் எழுதினார். மறு ஆண்டே இன்னொரு மொழியியலாளரான மரே எமனோ, இத்தகைய சொற்கள் திராவிட மொழிகளுக்கும் இந்தோ-ஆரிய மொழிகளுக்கும் பொதுவான ஓர் இந்தியப் பண்பு என்று வாதிட்டார்.

இரண்டாம் சாட்சி எண்ணிக்கை. என் கணக்கில் இதுதான் முக்கியமானது. ஒரு தடவை நடந்தால் வெடுக்கென்று. ஒரே சீராக, இடைவெளி தெரியாமல் நடந்தால் இரட்டைக்கிளவி: வெடவெட, கிடுகிடு, படபட. குளிரில் நடுங்கும் கை வெடவெடக்கிறது. அந்த நடுக்கத்தில் வேகம் உண்டு, ஒழுங்கும் உண்டு. விட்டு விட்டு, நிச்சயமில்லாத இடைவெளியில் நடந்தால் அடுக்கி வரும் வினையெச்சம். குருவி தத்தித் தத்திப் போகிறது. வலிப்பு வந்தவருக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுக்கிறது. மேடுபள்ளத்தில் பஸ் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அழுகையில் இது இன்னும் தெளிவு: விம்மி விம்மி, தேம்பித் தேம்பி, குலுங்கிக் குலுங்கி. ஒவ்வொரு எச்சத்துக்குப் பின்னும் மூச்சு ஒரு கணம் நின்று மறுபடி கிளம்புகிறது.

நாலாவது ஒரு வகையும் இருக்கிறது. இரண்டு பாதியும் ஒத்துப்போகாத சொற்கள்: தத்தக்கா பித்தக்கா, தாறுமாறு, தட்டுத்தடுமாறி. நடை பழகும் குழந்தையின் ஓர் அடி நீளம், அடுத்தது குட்டை. சொல்லின் இரு பாதிகளும் அப்படியே பொருந்தாமல் நிற்கின்றன.

இந்தப் பாகுபாட்டின் விதை பழையது. இரட்டைக்கிளவி பிரிந்து நிற்காது என்பதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வகுக்கிறது. அதன் உரியியலோ அலமரல் தெருமரலைச் சுழற்சிக்கும், அதிர்வு விதிர்ப்பை நடுக்கத்துக்கும், கதழ்வு துனைவை விரைவுக்கும் தனித்தனியே ஒதுக்குகிறது. பலவற்றை விரைவுக்குறிப்பு என்று ஒரே கூடையில் போட்ட இருபதாம் நூற்றாண்டைவிட இது நுட்பம்.

மூன்றாவது சாட்சி, கூட வரும் வினை. விருட்டென்று எழுந்து போகலாம், விருட்டென்று உட்கார முடியாது. வெடுக்கென்று பிடுங்கலாம், வெடுக்கென்று கொடுத்தால் கேட்பவர் சிரிப்பார். லபக்கென்று விழுங்கலாம், துப்புவதற்கு அது ஆகாது. ஆக, விருட்டு இடத்தை விட்டு விலகுகிறது. வெடுக்கு தன் பக்கம் இழுக்கிறது. லபக்கு வாய்க்குள் போகிறது. திசை இல்லாமல் எங்கும் பொருந்துவது ‘சட்டென்று’ ஒன்றுதான். எழுதுகிறவர்கள் அதிலேயே விழுந்து கிடப்பதற்குக் காரணமும் அதுவே. 1992-இல் முதல் பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களைச் சேர்த்தது இந்த இடத்தில் பெரிய உதவி. எந்தச் சொல் எந்த வினையோடு சேரும் என்பதை விளக்கத்தைவிட வாக்கியம்தான் சொல்லும்.

மெக்கானிக் கடைக்குப் போனால் கதை வேறு. க்ளட்சை விடும்போது வண்டி ஜெர்க் அடிக்கிறது, ஓடும்போது மிஸ்ஸிங் அடிக்கிறது, ஏற்றத்தில் முக்குகிறது. மூன்றும் மூன்று கோளாறு, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொன்னால் வேறு பாகத்தைக் கழற்றுவார்கள். ‘ஜெர்க்’குக்குத் தமிழ் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று கிளம்புவதில் எனக்கு ஆர்வமில்லை. ‘அடிக்குது’ என்ற வினையைக் கூட்டி அதை ஏற்கெனவே தமிழாக்கியாகிவிட்டது. விளையாட்டுப் பக்கத்தில் அதே சொல்லுக்கு வேறு உடம்பு. 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் பளுதூக்கும் போட்டியில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் ஸ்நாட்சில் 144, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 173, மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். தலைக்கு மேலே அசையாமல் நிறுத்தினால்தான் அந்த ஜெர்க் செல்லும்.

அசைவிலிருந்து இச்சொற்கள் சுபாவத்துக்கும் குடிபெயர்ந்திருக்கின்றன. குறளில் (487) ‘பொள்ளென’ என்பது கோபம் உடனே வெளிப்படுவதற்கு வருகிறது. இன்றைக்கு ‘பொசுக்குன்னு அழுதுட்டான்’, ‘வெடுக்குன்னு பேசிட்டா’. அங்கேயும் அந்த எண்ணிக்கை விதி விடவில்லை. நாத்தனார் ஒருநாள் வெடுக்கென்று பேசினால் அன்றைக்கு ஏதோ மனத்தாங்கல். எந்நேரமும் வெடுவெடு என்று பேசினால் அவள் குணமே அப்படி.