ஐயமும் சந்தேகமும்: இரு ஆங்கிலச் சொற்களின் தமிழாக்கம்

ஆங்கிலத்தில் ஐயப்பொருள் உணர்த்தும் சொற்களுள் 'டவுட்', 'சஸ்பெக்ட்' என்னும் இரு வினைகள் தமிழாக்கத்தில் மிகுதியும் மயங்குகின்றன. இரண்டுக்கும் 'சந்தேகி' என்பதே பெரும்பாலும் இடப்படுகிறது. ஆனால் பொருள்நிலையில் இவை எதிரெதிர்த் திசையில் செல்வன. ஒருவன் வருவான் என்பது குறித்து 'டவுட்' கொள்பவர், அவன் வாரான் என்னும் பக்கம் சாய்கிறார். 'சஸ்பெக்ட்' செய்பவரோ அவன் வருவான் என்னும் பக்கம் சாய்கிறார். முன்னது நம்பிக்கைக் குறைவு; பின்னது சான்று நிறைவுறாத ஊகம்.

இவ்வேறுபாடு ஆங்கிலத்திலும் தொடக்கமுதல் தெளிவாக இருந்ததன்று. 'டவுட்' என்பதன் இலத்தீன் மூலம் இரண்டு என்னும் எண்ணுப்பெயரோடு தொடர்புடையது. இருபாலும் ஊசலாடுதலைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தபோது அஞ்சுதல் என்னும் பொருளும் உடன்வந்தது. ஷேக்சுபியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில், சூது நடந்திருக்கக்கூடும் என்று ஊகிக்குமிடத்து இச்சொல்லே வருகிறது. ஸ்காட்லாந்து ஆங்கிலத்தில் மழை வரும்போலும் என்னும் கருத்தை இச்சொல்லால் கூறும் வழக்கு இன்றும் உண்டு. எனவே ஒரு சொல்லே இரு பொருளையும் தாங்குதல் தமிழுக்கு மட்டும் உரிய குறை அன்று.

மேலும், தமிழ் இவ்வேறுபாட்டைச் சொல்லால் காட்டாவிடினும் தொடரமைப்பால் காட்டுகிறது. 'அவன் திருடியது சந்தேகம்' என்பது நம்பாமை. 'அவன் திருடியிருப்பானோ என்று சந்தேகம்' என்பது ஊகம். 'அவன் நேர்மையில் சந்தேகம்' என்பதில் ஏழாம் வேற்றுமை நம்பிக்கைக் குறைவைச் சுட்ட, 'அவன்மேல் சந்தேகம்' என்பதில் 'மேல்' என்னும் உருபு குற்றத்தை அவன்மேல் ஏற்றுகிறது. 'வருவானா என்பது சந்தேகம்' என்பதும் 'வருவானோ என்று சந்தேகம்' என்பதும் ஒன்றாகா. தமிழ் பேசுவோர் இவற்றை மயங்குவதில்லை.

மயக்கம் தோன்றுமிடம் மொழிபெயர்ப்பே. மருந்து பயன் தராது என்று கருதும் மருத்துவர்களைப் பற்றிய ஆங்கிலச் செய்தி, 'மருந்து பயன் தரும் என்று மருத்துவர்கள் சந்தேகிக்கின்றனர்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்படுமாயின் கருத்தே தலைகீழாகிறது. 'மருந்து பயன் தருமா என்பது மருத்துவர்களுக்கு ஐயமே' என்பதே பொருந்தும். இங்குப் பிழை சொல்தேர்வில் மட்டும் இல்லை. 'என்று' என்னும் இணைப்பிலும் உள்ளது. அகராதி நிகரனை மட்டும் தந்து, அது ஏற்கும் தொடரமைப்பைத் தாராதுவிடின் இப்பிழை தொடரும்.

தொடரின் துணையின்றிப் பெயர்ச்சொல் மட்டும் கலைச்சொல்லாக நிற்கும் சட்டத்துறையில் சிக்கல் மேலும் கடுமையானது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் பிரிவிலும், அதற்கு மாற்றாக 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவிலும், பிடியாணையின்றிக் கைது செய்வதற்கான அடிப்படைகளுள் ஒன்றாக 'ரீசனபிள் சஸ்பிஷன்' கூறப்படுகிறது. குற்ற வழக்கில் எதிரியை விடுவிப்பதற்குத் தீர்ப்புகளில் நிலைபெற்ற அளவுகோல் 'ரீசனபிள் டவுட்'. இரண்டையும் 'நியாயமான சந்தேகம்' என்றே பெயர்த்தால், ஒருவனைச் சிறைப்படுத்தும் சொல்லும் விடுவிக்கும் சொல்லும் ஒன்றாகிவிடும். 'வலுவான சந்தேகம் உள்ளது' என்னும் தொடர் எதிரிக்கு ஆதரவானதா எதிரானதா என்பதைப் படிப்போர் அறியார்.

இதற்குத் தீர்வு தமிழ் மரபிலேயே உள்ளது. நன்னூல் வகுத்த அறுவகை வினாக்களுள் ஒன்றான ஐயவினா, 'பாம்போ கயிறோ' என்பதுபோல் இருபொருளிடை ஒன்றில் துணியாத நிலையைக் குறிப்பது. ஆதலின் 'டவுட்' என்பதற்கு 'ஐயம்' என்பதையும், 'சந்தேகத்தின்பேரில் கைது' என வழக்கூன்றிவிட்ட 'சந்தேகம்' என்பதைச் 'சஸ்பிஷன்' என்பதற்கும் வரையறுத்துக்கொள்வது தகும். அவ்வாறாயின், சந்தேகம் எத்துணை வலுத்தாலும் சான்றாகாது, ஐயத்தின் பலன் எதிரிக்கே உரியது என்னும் இரு நெறிகளும் ஒன்றோடொன்று முரணாமல் ஒரே தீர்ப்பில் நிற்கும்.